பதினோரு மணிச் சுண்டல்

"நாஷ்டா துன்னியா?"

பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான், காலைச் சாப்பாடு ஆச்சா என்று. எங்கள் பிள்ளைகள் இதற்குப் பொய் சொல்வதில்லை. "இல்ல மேடம்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான்தான் மறுபடியும் பேச்சை அங்கேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டே, காலையில் டீயாவது குடிச்சியா, டீயோடு என்ன?

வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பிறந்தது காசிமேடு, வாழ்க்கைப்பட்டது தண்டையார்பேட்டை. பிள்ளைகளின் உடம்பை நாள்தோறும் பார்க்கிற வேலை என்னுடையது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பசி ஆசிரியருக்குத் தெரியாது. கண் திறந்திருக்கும், கை எழுதிக்கொண்டிருக்கும். மைதானத்தில் அது மறைக்க முடியாத விஷயம். இரண்டு சுற்று ஓடியதும் முகம் வெளிறும், உதடு காயும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார்கள். கபடி ஆடும் பெண் பிள்ளை ஒருத்தி ரெய்டுக்குப் போன இடத்திலேயே மயங்கி விழுந்ததும் உண்டு. அவள் முந்தைய நாள் மதியம் சாப்பிட்டதுதான் கடைசி.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு இருக்கிற நேரம் என்ன, கையில் இருக்கிற காசு என்ன, அந்த நேரத்தில் அந்தக் காசுக்குக் கண்ணெதிரே என்ன கிடைக்கிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. நான் பார்த்தவரை பழக்கம் என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

எங்களுக்குக் காலை ஷிப்ட் எட்டரைக்கு. எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வருகிற பிள்ளை ஆறே முக்காலுக்கெல்லாம் வீட்டை விட்டாக வேண்டும். கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில் கொஞ்சம் தாமதமானாலும் முதல் வகுப்பு போச்சு. மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது, உண்மைதான். தினமும் அதில் போய்வரக் காசு வேண்டுமே. அம்மாக்கள் பிள்ளைகளுக்கு முன்னால் கிளம்புகிறவர்கள். மீன் கூடை எடுக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே துறைமுகத்தில் இருப்பார்கள். சவுகார்பேட்டை வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தையலுக்குப் போகிறவர்கள், யாரும் எட்டு மணிக்கு வீட்டில் நின்று தோசை ஊற்ற முடியாது. அதிகாலையில் லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வந்தால் பிடித்து வைப்பதும் பெரும்பாலும் வீட்டின் பெண் பிள்ளைதான். பிடித்து, தம்பியை எழுப்பி, குளித்து, ஓடி வருகிறாள். இதில் எந்த இடத்தில் நாஷ்டா?

பையன்கள் கதை வேறு. எங்கள் பையன்களில் பலர் ராத்திரி வேலை பார்க்கிறவர்கள். சாப்பாடு டெலிவரி, முகூர்த்த நாளில் கேட்டரிங், காசிமேட்டில் ஏலம் தொடங்கும் நேரத்துக்குப் பெட்டி தூக்குவது. ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு அவர்களுக்குக் கிடைப்பது பிரியாணியோ ஃபிரைடு ரைஸோதான். அதைத் தின்றுவிட்டுப் படுத்தவனுக்குக் காலை ஏழு மணிக்குப் பசியே இருக்காது. பத்தரைக்குத் திடீரென்று வயிற்றைக் கிள்ளும். ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளை பட்டினியாகக் கணக்குப் பரீட்சை எழுதுகிறான் என்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இவர்களில் பெரும்பாலோர் சத்துணவில் வளர்ந்தவர்கள். இந்தப் பட்டணத்துக்கு அதில் நீண்ட கணக்கு உண்டு. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி ஒன்றில் இன்றும் பெயர் நிற்கிறதே, அந்தப் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சிதான் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. பிறகு காமராஜர் 1956-இல், எம்.ஜி.ஆர். 1982-இல், முட்டை சேர்ந்தது 1989-இல், காலை உணவு 2022 செப்டம்பரில். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி ஏற்றியிருக்கிறது. ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பதினைந்து வயது வரைக்கும் மதியம் மணி அடித்தால் தட்டில் சூடாகச் சோறும் முட்டையும் விழுந்த பிள்ளைக்கு, உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினெட்டு வயதில் எதுவும் இல்லை. அதன் பிறகு அவன் வயிற்றுக்குப் பொறுப்பு கல்லூரி வாசலில் இருக்கிற கடைதான்.

வாசலில் என்ன இருக்கிறது என்று எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பப்ஸ், சமோசா, பத்து ரூபாய் பாக்கெட், குளிர்பானம், டீயோடு பன். பசிக்கிற பிள்ளைக்கு இருபது ரூபாயில் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும்தான் உள்ளே போயிருக்கும். 250 மில்லி குளிர்பானம் ஒன்றில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவு போதும் என்றுதான் ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு மணி நேரத்தில் அது இறங்கிவிடும், பிள்ளை மறுபடியும் தூங்கி விழுவான்.

சாயங்கால அத்தோவை, அந்த பர்மா நூடுல்ஸை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்தவர்கள் பாரிமுனைப் பக்கமும் வியாசர்பாடியிலும் கொண்டுவந்து கொடுத்த சாப்பாடு அது. அதில் முட்டைகோஸும் வெங்காயமும் பச்சையாக விழுகிறது, புளித்தண்ணீர் விழுகிறது, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஊற்றித் தருகிறார்கள். வேண்டுமானால் முட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நூடுல்ஸைக் கொஞ்சம் குறைத்துக் கோஸைக் கூட்டிப் போடச் சொல்லிச் சாப்பிடு என்று பிள்ளைகளிடம் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் நண்பர்களோடு நின்று அத்தோ சாப்பிடுகிற சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டு ஆரோக்கியம் பேச எனக்கு மனசில்லை. ஷவர்மா விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது காரணம் இல்லாமல் இல்லை. வெயிலில் நாலு மணி நேரம் நிற்கும் மயோனைஸ் எந்தப் பிள்ளையின் வயிற்றுக்கும் போகக் கூடாது.

சுற்றறிக்கைகள் வந்தன. கல்லூரி வளாகங்களில் நொறுக்குத் தீனிகளை விற்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் எழுதியது, 2018-இல் மறுபடியும் நினைவூட்டியது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. அது பள்ளிக்கு மட்டும். விலக்கச் சொல்வது சரி. பதிலுக்கு எதை வைப்பது என்பது காகிதத்தில் எழுதித் தீராது. செப்டம்பர் முதல் வாரம் ஊட்டச்சத்து வாரம் என்று கூட்டம் போடுவோம். வந்து பேசுகிறவர்கள் ஓட்ஸ், அவகேடோ, புரோக்கோலி என்று படம் காட்டுவார்கள். முதலாண்டு பி.காம். பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்து, "இதெல்லாம் எங்க மேடம் கெடைக்கும்? எவ்ளோ மேடம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எம்.சி. ரோட்டிலோ கொருக்குப்பேட்டை மார்க்கெட்டிலோ அவள் அம்மா வாங்கக்கூடிய ஒன்றை அன்றைக்கு யாரும் காட்டவில்லை.

சுண்டல் யோசனை அப்படித்தான் வந்தது. எங்களுக்குப் பதினோரு மணிக்கு இருபது நிமிட இடைவேளை. நாஷ்டா தவறிய பிள்ளையின் வயிறு சரியாகக் கிள்ளுகிற நேரம். அந்த இருபது நிமிடத்தில், படிக்கட்டு இறங்குகிற இடத்தில், பத்து ரூபாய்க்குச் சூடாக ஒன்று இருக்க வேண்டும். நடந்து தேடிப் போகிற தூரத்தில் இருந்தால் பப்ஸ்தான் ஜெயிக்கும்.

முதலில் கேன்டீன்காரரிடம் போனேன். "சுண்டல் யார் மேடம் துன்னுவா? பீச்லதான் துன்னுவாங்க" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் கணக்கு அவருக்கு. ஏலத்தில் எடுத்து வாடகை கட்டுகிறார். பப்ஸும் சமோசாவும் பேக்கரியிலிருந்து ட்ரேயில் வந்து இறங்கும். சமையல் ஆள் வேண்டாம், கேஸ் வேண்டாம், மீந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். சுண்டல் மீந்தால் அவர் தலையில்தான் விழும். எந்தக் கேன்டீனிலும் நல்ல சாப்பாடு வராமல் போவதற்கு இதுதான் காரணம். பிள்ளைகள் கேட்காததால் இல்லை, மீந்தால் யார் நஷ்டம் என்பதால். இதை ஒரு தரம் புரிந்துகொண்ட பிறகு வேலை எளிதாகிவிட்டது. எதுவும் மீந்துபோகாதபடி செய்தால் போதும்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வெகுகாலம் சுண்டல் விற்ற ஆயா ஒருவர் எங்கள் கல்லூரிக்கு இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். அவரிடம் பேசினேன். ஒரு நாளைக்கு ஒரே வகை. ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் முந்தைய நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் வாட்ஸ்ஆப்பில் எண்ணிக்கை போட வேண்டும், ஏனென்றால் கடலையை ராத்திரி ஊறப்போட்டாக வேண்டும். எண்ணிக்கை போடாத வகுப்புக்குச் சுண்டல் இல்லை. இந்த ஒரு கண்டிப்பில் ஆயா என்னைவிடப் பெரிய ஆள். "நேத்து சொல்லல இல்ல? நாளைக்கு வா கண்ணு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஆனால் அதே பிள்ளையின் கண் குழி விழுந்திருந்தால் தன் பங்கிலிருந்து ஒரு கரண்டி போட்டுவிடுவார், அதையும் பார்த்திருக்கிறேன்.

வேறு கல்லூரிகளில் செய்ய நினைக்கிறவர்களுக்காகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து கிலோ கருப்புக் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். நூறு கிராம் தொன்னையாகப் போட்டால் நூற்றிப் பத்துப் பேருக்கு. கடலை, எண்ணெய், தேங்காய், கேஸ், தொன்னை எல்லாம் சேர்த்து அறுநூற்றைம்பது, எழுநூறு ரூபாய் ஆகும். ஒரு தொன்னை சுண்டல் பத்து ரூபாய். மிச்சம் ஆயாவுடையது. செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது, அச்சு மை உணவில் ஒட்டும். பிளாஸ்டிக் கப் 2019-லிருந்தே தடை. சொந்த டப்பா கொண்டுவருகிற பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடுதல் என்று ஆயாவே ஒரு விதி வைத்தார், இப்போது பாதிப் பேர் கையில் டப்பா. சிறு வியாபாரிகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அதை முதலிலேயே செய்துவிட்டோம். கோடையில் தேங்காயைக் காலையிலேயே கலந்து வைத்தால் பத்தரைக்குள் ஊசிப்போகும். தேங்காயும் மாங்காயும் தனியாக வந்து, பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் விழும். திங்கள் கருப்புக் கடலை, செவ்வாய் பட்டாணி, புதன் காராமணி, வியாழன் பச்சைப்பயறு, வெள்ளி வேர்க்கடலை. பச்சைப்பயறு அன்றைக்கு மட்டும் எண்ணிக்கை குறையும், வேர்க்கடலை அன்றைக்கு அடிதடி. கூடவே அவித்த முட்டை, எட்டு ரூபாய்.

முதல் வாரம் நானும் சில ஆசிரியர்களும் வரிசையில் நின்று வாங்கி, படிக்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அது செய்தது. கேன்டீன்காரருக்கும் கோபம் இல்லை, டீயும் குளிர்பானமும் நாங்கள் விற்பதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த எண் எனக்குக் காகிதத்தில் இருக்கும் எண் இல்லை. எங்கள் கல்லூரியில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்று எழுதிய சீட்டோடு வரிசையாக வந்து நின்றார்கள். ஒன்பது, எட்டரை என்றிருந்த பிள்ளைகளும் உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, படித்தது நிற்கவில்லை என்பவற்றையெல்லாம் தங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, ஆணுக்கு 19 போதும். வீட்டிலோ மீனின் நடுத்துண்டு அண்ணன் தட்டுக்கும் வால் துண்டு இவள் தட்டுக்கும் போகிறது. மாதவிலக்கில் ஒவ்வொரு மாதமும் ரத்தம் போகிற உடம்புக்கு வால் துண்டு. இதை நான் பெற்றோர் கூட்டத்தில் நேராகவே சொல்லியிருக்கிறேன். அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அதே வால் துண்டுதான், சில நாள் வெறும் குழம்புதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். சுண்டலோடு டீ குடிக்காதே, ஒரு மணி நேரம் தள்ளிக் குடி. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரண்டாவது, வாசலில் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிறார்களே, சுண்டலோடு அதில் ஒரு துண்டு சாப்பிடு. கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம், பயறில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். உப்பு மிளகாய்த்தூளைக் கம்மியாகப் போடச் சொல். இதோடு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை விடாமல் விழுங்கு. எட்டு, ஒன்பது என்று இறங்கிப்போன ரத்தத்தைச் சுண்டல் மட்டும் ஏற்றாது, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒல்லியாக வேண்டும் என்று நாஷ்டாவை வேண்டுமென்றே விடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் எடையைப் பற்றி நான் பேசுவதே இல்லை. "கயிறு எவ்வளவு நேரம் தாண்டுறே, பார்ப்போம்" என்று மட்டும் கேட்பேன். உடம்பால் என்ன முடிகிறது என்பதில் மனசு போய்விட்டால் கண்ணாடி கொஞ்சம் பின்னால் போகும்.

பையன்கள் பக்கம் வேறொரு தொல்லை, புரோட்டீன் பவுடர். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடி வளர்ந்த பிள்ளை, ராயபுரத்தில் பாக்ஸிங் பழகும் பிள்ளை, தெருமுனை ஜிம்முக்குப் போகிற பிள்ளை, எல்லோருக்கும் அங்கே யாராவது ஒரு டப்பாவைக் கை காட்டிவிடுகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலே வருகிறது. நாலு மாதப் பணத்தைச் சேர்த்து ஒரு டப்பா வாங்கி வந்து என்னிடம் பெருமையாகக் காட்டினான் ஒருவன். அவனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் போதும் என்கிறது கணக்கு. ஆடுகிறவன் என்பதால் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வோம். இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு தொன்னை சுண்டலில் எட்டு, ஒன்பது. கையளவு வேர்க்கடலையில் ஏழு. நூறு கிராம் மீனில் இருபதை ஒட்டி. மீதி சோறு, பருப்பு, தயிரிலேயே வந்துவிடும். "உங்க அம்மா மீன் விக்கிறாங்கடா, உனக்கு எதுக்குடா டப்பா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். காசிமேட்டில் வஞ்சிரத்தை விடுங்கள், கவலை, நெத்திலி, காரப்பொடி என்கிற சின்ன மீன்கள் இன்றைக்கும் ஏழைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கின்றன. முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்து கூட. கடலே வாசலில் இருக்கும்போது டப்பாவுக்குக் காசு கட்டுவதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே வயிறு எரிகிறது.

ஆனால் அந்த மீனைக் கல்லூரிக்குக் கொண்டுவர முடிகிறதா? இதுதான் நான் அதிகம் யோசித்த இடம். கருவாட்டு வாசம் வரும் என்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாட்டுக்கறி கொண்டுவந்தால் மூலையில் போய்த் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு "ஒன்னும் துன்ல" என்கிறார்கள். நல்ல சாப்பாடு அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதை அசிங்கம் என்று யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாட்டுக்கறியில் இருக்கும் இரும்புச்சத்து பயறில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும், சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு ரத்தசோகைக்கு அது நல்ல சாப்பாடு. பழைய சோற்றை நம் ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவை சிகிச்சைத் துறையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்கிறேன். சொல்வதோடு, என் டப்பாவை மரத்தடியில் திறந்து கருவாட்டுத் தொக்கோடுதான் சாப்பிடுகிறேன். அந்த மரத்தடிக்கு இப்போது எல்லா டப்பாவும் வருகிறது. எந்த வாசத்துக்கும் யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது என்பது மட்டும்தான் அங்கே விதி. கறி சாப்பிடாத பிள்ளைகளும் வந்து தயிர்ச் சாதத்தோடு உட்காருகிறார்கள்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் செமஸ்டர் பரீட்சையும் அதே சமயத்தில்தான். விசைப்படகு வீடுகளில் அப்போது வருமானம் இல்லை, அரசு நிவாரணம் கடனுக்குப் போய்விடும். பிள்ளைகள் பத்து ரூபாய்க்கும் யோசிப்பார்கள். அதற்காகப் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து முன்பணம் போட்டு டோக்கன் அச்சடித்திருக்கிறோம். எல்லோர் கையிலும் ஒரே டோக்கன், காசு கொடுத்து வாங்கியதா சும்மா வாங்கியதா என்று ஆயாவுக்கே தெரியாது. டோக்கன் என் அறை மேஜை இழுப்பறையில் இருக்கும். கேட்டு வாங்க வேண்டாம், திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்பானம் இன்னும் போகிறது. ராத்திரிச் சாப்பாட்டை என்னால் தொட முடியவில்லை, அது வேலையோடும் கூலியோடும் கட்டிக்கிடக்கிறது. மதிய டப்பாவில் காய் இல்லை என்பதும் அப்படியே இருக்கிறது. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது வழிகாட்டுதல், எங்கள் பிள்ளைகளின் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தோடு நாலு உருளைக்கிழங்கு சிப்ஸ். வேலைக்குப் போகிற அம்மா முதலில் கைவிடுவது பொரியலைத்தான். பச்சையாகச் சாப்பிடுகிற வெள்ளரியோ கேரட்டோ ஒன்றைச் சும்மா டப்பாவில் போட்டுக் கொண்டுவா, நறுக்கக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பேர் கொண்டுவருகிறார்கள்.

அம்மா உணவகத்தை எங்கள் பிள்ளைகள் மறந்தே போனார்கள். 2013-இல் தொடங்கியபோது ஒரு ரூபாய்க்கு இட்லி, மதியம் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று ஏழை வயிற்றைத் தாங்கிப் பிடித்த இடம் அது. ஸ்டான்லி வளாகத்திலேயே ஒன்று இருக்கிறது. அரசு கல்லூரிகள் ஒவ்வொன்றின் வாசலிலும் இதுபோல் ஒன்று, காலை ஏழரையிலிருந்து, கூடவே ஒரு முட்டை என்று வைத்தால் நான் மேலே எழுதியதில் பாதிக்கு மேல் தேவையே இருக்காது. புதிதாகச் சமையல்கூடம்கூட வேண்டாம், பள்ளிக் காலை உணவுக்கு இருக்கிற சமையல்கூடத்திலிருந்தே இன்னொரு வண்டி வரலாம். இதை நான் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வடசென்னையில் வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் கல்லூரியில் காலை எட்டரைக்குள் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர், அதில் நாஷ்டா சாப்பிடாமல் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எல்லாக் கல்லூரிக் கணக்கையும் சேர்த்து மனுவோடு இணைத்துக் கொடுக்கப் போகிறேன்.

மாலை ஷிப்ட் பிள்ளைகள் தங்களுக்கும் சுண்டல் வேண்டும் என்று கேட்கிறார்கள். நாலு மணிக்கு ஆயாவால் நிற்க முடியாது, மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூனில் கல்லூரி திறந்ததும் அவருக்கு ஒரு மேஜையும் பெரிய குக்கரும் வேண்டியிருக்கும்.